வெயிலுக்குப் பை முளைத்த வருஷம்

முதல்லயே சொல்லிடுறேன், அந்தப் பாக்கெட்டை நான் வைக்கலை. விருதுநகர்ல எங்க நந்தவனத் தெருவுல வந்து பாக்கியம் டைலர்னு கேட்டா சின்னப்பிள்ளை கூட வீட்டைக் காட்டும், பத்தொம்பது வருஷமா முன்ரூம்புல மிஷினைப் போட்டு ஜாக்கெட்டு, சுடிதார், பட்டுப்பாவாடைன்னு தைச்சுத் தள்ளுறேன், இத்தனை வருஷத்துல ஒரு பொம்பளைப்பிள்ளை துணியில பாக்கெட்டுன்னு ஒண்ணு வச்சிருப்பேனா, எந்தத் தாயும் கேட்டதில்லை, ரெண்டொரு பிள்ளைக தயங்கித் தயங்கிக் கேட்டப்பவும் "எதுக்குடி அது, இடுப்பு உப்பித் தெரியும்"னு நானே வாயை அடைச்சு அனுப்பியிருக்கேன். அப்பேர்ப்பட்ட என்கிட்ட, ஆனி மாசத்துல ஒரு திங்கக்கெழமை காலையில, எதுத்த வீட்டு மாரிக்கனி மக யூனிபாரத்தோட வந்து நின்னு, "அத்தை, இதை யாரு வைக்கச் சொன்னா?"ன்னு வலது பக்கத்தை இழுத்துக் காட்டுறா. பார்த்தா பாக்கெட்டு.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உள்ளயும் வெளியவும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடி வச்ச பாக்கெட்டு, மூடிக்குப் பட்டன், பட்டனுக்குக் காஜா, அந்தக் காஜா ஓரத்துல ஒரு பிசிறு கிடையாது, தையல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தெரியலை. எனக்குத் திகைப்பெல்லாம் வரலை, வயித்தெரிச்சல்தான் வந்துச்சு. நான் தைச்சதைவிட நல்லா இருந்துச்சு.

"நான் வைக்கலைடி, என் மிஷினும் வைக்கலை"ன்னு சொல்லிப் பிரிச்சு எடுத்துக் குடுத்தேன். செவ்வாக்கெழமை ரெண்டு பாக்கெட்டோட வந்தா. அதையும் பிரிச்சேன். புதன்கெழமை ரெண்டு பக்கமும் ரெண்டு, முதுகுல ஒண்ணு, கையோரத்துல கட்டைவிரல் அளவுக்கு ஒண்ணு, அதுவும் யூனிபாரத் துணியில இல்லை, ஒண்ணு கட்டம் போட்டது, ஒண்ணு பூப்போட்டது, ஒண்ணு அவங்க அப்பா இடுப்புல கட்டுற சாரத்துத் துணியே தான். வியாழக்கெழமை நான் கத்திரியைக் கீழ வச்சுட்டேன். முளைக்கிறதை எம்புட்டு நாளைக்குத் தான் வெட்டுறது.

அந்தப் பிள்ளையைப் பத்திச் சொல்லணும். வெயிலுகந்தாள்னு பேரு. எங்க ஊரு அம்மன் பேரை மாரிக்கனி ஆசையா வச்சா, நாங்க வெயிலுன்னு கூப்பிடுவோம், அவளுக்கோ அந்தப் பேரைச் சொல்றதுக்கே கூச்சம். பதினாறு வயசு, பிளஸ் ஒண்ணு, நல்ல உசரம், ஆம்பளைப்பிள்ளை மாதிரி அகலமான தோளு, அந்த உசரத்தையும் தோளையும் என்னமோ களவாண்டுட்டு வந்த மாதிரி துப்பட்டாவுக்குள்ள ஒளிச்சுக் கூனிக்கிட்டே நடப்பா. காலையில பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பும்போது என் முன்ரூம்புக்கு வந்து ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால நிப்பா, நின்னு "நல்லாயிருக்கா அத்தை?"ன்னு கேட்பா. கேட்டுட்டுக் கண்ணாடியைப் பார்க்க மாட்டா, என் மூஞ்சியைப் பார்ப்பா. நானும் என் வாய்க்கொழுப்புக்கு, "தோளு தூக்குது, கொஞ்சம் குறுக்கிக்கோ"ன்னு சொல்லுவேன், அவளும் குறுக்கிக்கிட்டுப் போவா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கா.

இதுல அவங்க பெரியம்மா ராஜாமணி வேற. மாரிக்கனிக்கு மூத்தவ, கொஞ்சம் வசதியானவ. தீபாவளின்னாலும் கல்யாணம்னாலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைக எல்லாத்துக்கும் ஒரே பீஸ்ல கிழிச்சு ஒரே மாதிரி தைச்சுப் போடணும்ங்கிறது அவ சட்டம். துணி மிச்சமானா அதே துணியில தலகாணி உறை, அதுக்கும் மேல மிச்சமானா ஜன்னல் திரை. அளவெல்லாம் ராஜாமணியோட மூத்த மக சண்முகப்ரியாவுக்கு எடுக்கிறது தான், அவ வாழைக்குருத்து மாதிரி இருப்பா, அந்த அளவுல தைச்சதை வெயிலு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போட்டுக்கணும். போட்டோவுல எல்லாரும் வரிசையா நிப்பாங்க, வெயிலு கடைசியில பாதி ஒடம்பைத் தூணுக்குப் பின்னால ஒளிச்சு நிப்பா. அப்படியும் அவளுக்கு அந்த வரிசை மேல அம்புட்டு ஆசை, அதுல ஒரு ஆளா, வித்தியாசம் தெரியாம நின்னுட்டாப் போதும்னு.

பை முளைக்கிறதைப் பத்தித் தெருவுல என்ன சொன்னாங்கன்னா, ஒண்ணும் சொல்லலை. ஒரு வாரம் பார்த்தாங்க, பெறகு பழகிட்டாங்க. பள்ளிக்கூடத்துல பெரிய டீச்சர் மட்டும் கூப்பிட்டு விசாரிச்சாங்களாம், பிறகு சர்க்குலரை எடுத்து வச்சு வாசிச்சுப் பார்த்துட்டு, "யூனிபாரம் என்ன நிறம்னு இருக்கு, எம்புட்டு நீளம்னு இருக்கு, துப்பட்டாவுக்கு எங்க பின் குத்தணும்னு இருக்கு, பை முளைக்கிறதைப் பத்தி ஒண்ணும் இல்லை, அதனால முளைக்கட்டும்"னு அனுப்பிட்டாங்க. அம்புட்டுத்தான் விசாரணை.

பெறகுதான் கூத்து. தண்ணி பிடிக்க நின்ன பாப்பாத்தி, கையில வீட்டுச் சாவியை வச்சுக்கிட்டுக் கொடத்தைத் தூக்க முடியாம, "ஏ வெயிலு, இதைக் கொஞ்சம் வச்சிருடி"ன்னு ஒரு பாக்கெட்டுல போட்டா. சாயங்காலம் கேட்டப்ப கரெக்டா எடுத்துக் குடுத்தா. அது பரவிருச்சு. மறுநாள் மூக்குக்கண்ணாடி, அதுக்கு மறுநாள் குடிகாரப் புருஷன் கைக்குச் சிக்காம ஏடிஎம் கார்டு, விளையாட்டு டீச்சரோட விசிலு, முக்கு வீட்டு ஒண்ணாங்கிளாஸ் பையனுக்கு விழுந்த பல்லு, ஒரு காலேஜ் பிள்ளைக்கு வந்த கடுதாசி, அது யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். காது கேட்கிற மிஷினுக்குப் போடுற உளுந்து அளவு பேட்டரியை எங்க வச்சாலும் தொலைக்கிற நூர்ஜகானக்காவுக்கு, வெயிலோட கையோரத்துல இருந்த அந்தக் கட்டைவிரல் பாக்கெட்டு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. யாருக்கு என்ன வேணுமோ அதுக்குத் தகுந்த பை முந்தின நாளே முளைச்சிருக்கும், சீப்புக்கு நீளமா, தாயத்துக்கு உருண்டையா, ரேஷன் கார்டுக்கு மடிப்பு விழாம அகலமா. எதுவும் தொலைஞ்சதில்லை, ஒண்ணோட ஒண்ணு கலந்ததில்லை, வெளிய உப்பித் தெரிஞ்சதும் இல்லை. ஆனா கனமில்லைன்னு நினைச்சுராதீங்க. கனத்தை நான் பார்த்தேன். அவ கூனு இன்னும் ரெண்டு விரக்கடை எறங்கிருச்சு.

"வேணாம்னு சொல்லேன்டி"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"வச்சுக்கிட்டா எல்லாரும் பேசுறாங்க அத்தை"ன்னா. அன்னைக்கு என் ஊசி டப்பாவையும் அவகிட்டத் தான் குடுத்து வச்சிருந்தேன், அதைத் திருப்பி வாங்கலை.

தை மாசத்துல சண்முகப்ரியாவுக்குக் கல்யாணம் வச்சாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றப்ப சீர்த்தட்டு ஏந்திப் போகப் பதினோரு பொம்பளைப்பிள்ளைக, பதினோரு பேருக்கும் ஒரே பீஸ்ல மாம்பழ மஞ்சள் பாவாடை தாவணி, தைக்கிறது நான். அளவு குறிக்க உட்கார்ந்தப்ப ராஜாமணி பத்துப் பேரைச் சொல்லிட்டு நிறுத்துனா. மாரிக்கனியும் அங்கதான் இருந்தா, மிளகா வத்தல் கிடங்குல காம்பு கிள்ளிட்டு நேரா வந்தவ, விரலெல்லாம் எரிய எரிய முந்தானையில தொடைச்சுக்கிட்டே, "எக்கா, வெயிலு?"ன்னா.

"மாரி, நீயே சொல்லு. கூட்டத்துல எல்லாரும் பார்க்கையில பை பையாத் தொங்குனா சம்பந்தகாரங்க என்ன நினைப்பாங்க? பை முளைக்காம வரச் சொல்லு, கூட்டிக்கிறேன். இல்லையா, பதினோராவது ஆளுக்கு நான் வேற பார்த்துக்கிறேன்."

வாசப்படியில நின்னு வெயிலு கேட்டுக்கிட்டு இருந்தா. அழலை. என்கிட்ட வந்து, "அத்தை, பாக்கெட்டு வராத மாதிரி எனக்கு ஒரு துணி தைச்சுக் குடுங்க, அந்த வரிசையில மட்டும் நான் நின்னுரணும்"னு சொன்னா, சொன்னவ கையைக் கூப்புனா. பதினாறு வயசுப் பிள்ளை ஒரு பாவாடைக்காகக் கையெடுத்துக் கும்பிடுறதைப் பார்த்துட்டு நான் சும்மா இருப்பேனா. பாவாடைக்கு ரெட்டை லைனிங் குடுத்தேன், லைனிங்குக்கு நடுவுல கான்வாஸ் குடுத்தேன், பக்கத் தையலை மூணு தடவை ஓட்டுனேன், ஒரு கொசு உள்ள போக இடம் இல்லாம அடைச்சேன். மாரிக்கனி கோயில்ல போயி அம்மன் கிட்டயே, உன் பேரைத்தானே வச்சேன்னு சண்டை பிடிச்சுட்டு வந்தா.

வெயிலு என்ன பண்ணுனான்னா, கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில ஒரு ஞாயித்துக்கெழமை காலையில வீடு வீடாப் போனா. சாவியைக் குடுத்தா, கண்ணாடியைக் குடுத்தா, கார்டைக் குடுத்தா, பல்லைக் குடுத்தா, கடுதாசியைக் குடுத்தா, நூர்ஜகானக்கா பேட்டரியை அவங்க உள்ளங்கையில வச்சு விரலை மடக்கி விட்டுட்டு வந்தா, கடைசியில என் ஊசி டப்பா. குடுத்துட்டுக் கையை ரெண்டையும் ஒடம்போட ஒட்ட வச்சுக்கிட்டு, மூச்சைப் பாதியாக்கிக்கிட்டு, ஆளே பாதியாக் குறுகி நடந்தா. திங்கக்கெழமை பாக்கெட்டு முளைக்கலை. செவ்வாக்கெழமையும் முளைக்கலை.

நான் தெரு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், என் கான்வாஸ், என் மூணு தையல்னு. மாம்பழ மஞ்சளை உடுத்திப் பார்க்க வந்தவகிட்ட, "இப்பத்தாண்டி பார்க்கப் பிள்ளையா லட்சணமா இருக்கே"ன்னு வேற சொல்லித் தொலைச்சேன். அவ சிரிச்சா. அந்தச் சிரிப்புல ஒண்ணுமே இல்லை, தொடைச்சு வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு. தெருவுல அந்த வாரம் ஒரே ரகளை, பாப்பாத்தி தன் வீட்டுப் பூட்டைத் தானே உடைச்சா, விசிலு இல்லாம விளையாட்டு டீச்சர் கையைத் தட்டிக் கூப்பிட்டாங்க, நூர்ஜகானக்கா பேட்டரியை ஒரு டப்பாவுல வச்சு, டப்பாவை எங்கயோ வச்சு, நாலு நாளா யாரு பேசுனாலும் சும்மா தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாங்க.

கல்யாணத்தன்னைக்குக் காலையில மண்டபத்து வாசல்ல பதினோரு பேரும் வரிசையா நின்னாங்க. எல்லாருக்கும் ஒரே மஞ்சள், ஒரே பின்னல், ஒரே மாட்டல், தைச்ச எனக்கே எதை யாருக்குத் தைச்சேன்னு பிடிபடலை. தேங்காய்த் தட்டு, கல்கண்டுத் தட்டு, பட்டுத் தட்டு, பூத்தட்டுன்னு ஒவ்வொண்ணா வாங்கிக்கிட்டாங்க. வெயிலு கையில ஆப்பிளைக் கோபுரமா அடுக்குன தட்டு. அவ முகத்தைப் பார்த்தேன், நினைச்சது கெடைச்ச முகம், ஒளியணும்னு தூணைத் தேடாத முகம், எனக்கும் பெருமையா இருந்துச்சு.

அப்பத்தான் மாரிக்கனி வந்தா. விடியக்காலையில மல்லிகைப்பூ வாங்கி, எரியிற விரலால நெருக்கி நெருக்கிக் கட்டி, மகளுக்குன்னு தனியா ஒரு சரம் இலையில சுருட்டிக் கொண்டாந்திருந்தா. நாயனம் ஊதிக்கிட்டு இருக்கு, மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துருச்சுன்னு சத்தம், மாரிக்கனி அவசர அவசரமா வரிசைக்குப் பின்னால போயி, "வெயிலு, அசையாம நில்லுடி"ன்னு சொல்லி, அந்தச் சரத்தை மூணாவதா நின்ன பிள்ளை பின்னல்ல வச்சுக் குத்தி, கன்னத்தை வழிச்சுத் திருஷ்டி முறிச்சு, "என் ராசாத்தி"ன்னா. அந்தப் பிள்ளை திரும்புச்சு. அது ராஜாமணியோட சின்ன மக.

வெயிலு ஏழாவதா நின்னா. தலையைத் திருப்பி எல்லாத்தையும் பார்த்தா. பெத்த தாய், பதினாறு வருஷமா அந்தத் தலையை வாரிவிட்ட தாய், வேற பிள்ளைக்கு வெயிலுன்னு பேர் சொல்லிப் பூ வச்சதைப் பார்த்தா. ஆசைப்பட்டது இதுக்குத்தானே, வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு தானே, தெரியலை, பெத்தவளுக்கே தெரியலை. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அவ மூச்சை முழுசா இழுத்தா, அம்புட்டு நாளும் பாதி மூச்சுல நின்ன பிள்ளை, தோளு ரெண்டும் விரிஞ்சுச்சு, கழுத்து நிமிர்ந்துச்சு, என் ரெட்டை லைனிங்கும் கான்வாஸும் மூணு தையலும் டர்ர்ருன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, மாம்பழ மஞ்சளுக்கு வலது பக்கத்துல, ஊரே பார்க்க, வத்தல் நிறத்துல ஒரு பாக்கெட்டு முளைச்சுச்சு.

சின்னது இல்லை, ஒளிஞ்சதும் இல்லை. பழுத்த வத்தல் எப்படிச் செவந்திருக்கும், அந்தச் செவப்பு.

"போச்சு போச்சு!"ன்னு ராஜாமணி தலையில அடிச்சுக்கிட்டு ஓடியாந்தா. "அவளை வரிசையில இருந்து எடுங்க!" எடுத்தா பத்துப் பேரா ஆயிரும்னு யாரோ சொன்னாங்க, சீர்த்தட்டு ரெட்டைப்படையில போகலாமா, ராஜாமணிக்கு அது ஒரு பயம், இது ஒரு பயம், நடுவுல நின்னு முழிச்சா. முழிச்சவ சட்டுனு, பாக்கெட்டைத் திணிச்சாவது மறைக்கலாம்னு அதைப் பிடிச்சு உள்ள கையை விட்டா. கை போகலை. வாய் திறந்து தான் இருக்கு, விரல் நுழைய மாட்டேங்குது. நான் முயற்சி பண்ணுனேன், எனக்கும் போகலை. தெருவுல அம்புட்டுப் பேரு சாமானுக்கும் எடம் குடுத்த பிள்ளை உடுப்புல, யாரு கையும் போகாத ஒரு பை.

வெயிலு ஆப்பிள் தட்டை இடுப்புக்கு மாத்துனா, தண்ணிக்கொடம் வைப்போமே அப்படி, இடது கையால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டா. வலது கையை அந்தச் செவப்புப் பாக்கெட்டுக்குள்ள விட்டா. வழுக்கிக்கிட்டு மணிக்கட்டு வரைக்கும் போச்சு.

"உள்ள என்னடி இருக்கு?"ன்னேன்.

"ஒண்ணுமில்லை அத்தை. என் கைதான் இருக்கு"ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா, கல்லு மேல தண்ணி விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு, அவகிட்ட அப்படி ஒரு சிரிப்பு இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

மாரிக்கனி முன்னால வந்து நின்னா. "எம்மா... ஒன்னைய எனக்கு அடையாளம் தெரியாமப் போச்சே தாயி"ன்னு அங்கயே அழுதா.

"எனக்கே தெரியலைம்மா, ஒனக்கு எப்படித் தெரியும்? விடு. அந்தப் பூவைப் பிடுங்காதே, அவளுக்கே இருக்கட்டும்"னுட்டு நடந்தா. பத்துப் பேரு ரெண்டு கையாலயும் தட்டை ஏந்திக் குனிஞ்சு போறாங்க, நடுவுல இவ இடுப்புல தட்டும் பாக்கெட்டுல கையுமா, அந்த உசரத்தோட, அந்தத் தோளோட, கோயில் தேரு திரும்புற நிதானத்துல போறா. நூர்ஜகானக்காவுக்கு நாயனம் கேட்கலை, ஒண்ணும் கேட்கலை, ஆனா பார்த்துட்டு மண்டபமே அதிர்ற மாதிரி, "அடி ஆத்தி, வெயிலு எம்புட்டு அழகு!"ன்னு கத்துனாங்க. செவிட்டுக் காது, சத்தம் எம்புட்டுன்னு அவங்களுக்கு எங்க தெரியும். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அவ தலையைக் குனியலை.

மாப்பிள்ளையோட தங்கச்சி, மெட்ராஸ்ல வேலை பார்க்கிற பிள்ளை, நேரா ராஜாமணிகிட்ட வந்து, "அத்தை, அந்தப் பாக்கெட்டு வச்ச பாவாடை எங்க தைச்சீங்க? எனக்கு ஒண்ணு வேணும்"னுச்சு. ராஜாமணி கண்ணு ரெண்டு தடவை சிமிட்டுச்சு. "எங்க தெரு டைலர் தான், நான்தான் அப்படித் தைக்கச் சொன்னேன்"னா. அவளைத் திருத்த முடியாது, நல்லா இருக்கட்டும்.

இன்னைக்கு எங்க ஊர்ல எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பொம்பளைப்பிள்ளைக தட்டை இடுப்புல வச்சுத்தான் ஏந்துறாங்க, சில பெருசுக அதுதான் ஆதியில இருந்து வழக்கம்னு சாதிக்கிறாங்க. எனக்கு வர்ற துணியில பாதி பாக்கெட்டு வைக்கத்தான் வருது. வைக்கிறேன், நல்லாவே வைக்கிறேன், ஆனா அதெல்லாம் வெறும் பாக்கெட்டு. காலையில எந்திரிச்சதும் என் நைட்டியை நானும் ஒரு தடவை தடவிப் பார்க்கிறேன், யார்கிட்டயும் சொல்லிராதீங்க, இன்னும் ஒண்ணும் முளைக்கலை.

வெயிலுக்கு மத்தப் பைகளும் திரும்ப முளைச்சிருச்சு. இப்ப யாரு எதைக் குடுத்தாலும் வாங்குறதில்லை. நூர்ஜகானக்கா பேட்டரியை வாங்குனா, அந்தப் பையன் பல்லை வாங்குனா, அந்த ஏடிஎம் கார்டையும் வாங்கி வச்சுக்கிட்டா. பாப்பாத்தி சாவியை நீட்டுனப்ப, "நீங்களே வச்சுக்கங்கக்கா, எனக்குக் கனக்குது"ன்னா. பாப்பாத்தி ரெண்டு நாளு பேசலை. மூணாவது நாளு பேசிட்டா.

போன வாரம் காலையில என் முன்ரூம்புக்கு வந்தா. அன்னைக்கு லீவு. அவங்க அப்பாவோட கட்டம் போட்ட சட்டையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டு, கீழ அவளே தேர்ந்தெடுத்து வாங்குன கறுப்புப் பாவாடை, அதுல அந்த வத்தல் செவப்புப் பாக்கெட்டு, அதையும் நான் வைக்கலை. கண்ணாடிக்கு முன்னால வந்து நின்னா. நான் மிஷினை நிறுத்திட்டு, வாயில இருந்த ஊசியை எடுத்துட்டு, கேட்கப் போறான்னு காத்திருந்தேன். இத்தனை வருஷமா அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு ஒரு தடவையாச்சும் நல்ல பதிலாச் சொல்லணும்னு நாக்கு நுனியில தயாரா வச்சிருந்தேன். அவ என் மூஞ்சியைப் பார்க்கலை. கண்ணாடியைப் பார்த்தா, தலையில இருந்து கால் வரைக்கும் நிதானமாப் பார்த்தா, காலரைத் தூக்கி விட்டா, கையைப் பாக்கெட்டுல விட்டா.

"வாரேன் அத்தை"ன்னுட்டுப் போயிட்டா. ஒண்ணும் கேட்கலை.